முற்றிய புற்றுநோயில் முதல் மதிப்பீடு: ஃபைலில் இல்லாததைத் தேடுவது

உடலின் பல இடங்களுக்குப் பரவிவிட்ட புற்றுநோயோடு ஒருவர் நோய்த்தணிப்புப் பிரிவுக்கு (வலியையும் தொந்தரவுகளையும் குறைக்கும் ‘பாலியேட்டிவ் கேர்’) வரும்போது கூடவே ஒரு தடித்த ஃபைலும் வரும். ஸ்கேன், பயாப்சி, எத்தனை சுற்று கீமோ என எல்லாம் அதில் இருக்கும். இரவில் தூங்குகிறாரா, கடைசியாக எப்போது மலம் கழித்தார், எழுதிக்கொடுத்த மாத்திரையை உண்மையில் எப்படிப் போடுகிறார் என்பது பெரும்பாலும் இருக்காது. முதல் மதிப்பீடு தேடுவது இதைத்தான். ஒழுங்காகச் செய்தால் முக்கால் மணி நேரமாவது பிடிக்கும்.

உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது எட்மன்டன் அறிகுறிப் படிவம். கனடாவின் எட்மன்டன் நகரில் எட்வர்டோ புருவேராவும் உடன் பணியாற்றியவர்களும் 1991-இல் வெளியிட்டது. வலி, சோர்வு, தூக்கக் கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சுத்திணறல், மனச்சோர்வு, பதற்றம், பொதுவாக எப்படி இருக்கிறார் என ஒன்பதுக்கு 0 முதல் 10 வரை நோயாளியே மதிப்பெண் போடுவார். 4-ஐத் தொட்டாலே அந்த அறிகுறியை விரித்துக் கேட்பது வழக்கம்.

படிவம் எளிது; தவறும் இடங்கள் நிறைய. பசி என்ற வரியில் 10 என்றால் பசியே இல்லை என்று பொருள். நன்றாகச் சாப்பிடுபவர் ‘நல்ல மார்க்’ என்று நினைத்து 9 போட்டுவிடுவார். உடம்பில் தெம்பில்லாததையும் கண் சொக்குவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். மலச்சிக்கலுக்கு ஒன்பதில் இடமே இல்லை. ‘வேறு தொந்தரவு’ என்ற காலி வரியில் நாமாகக் கேட்டு எழுத வேண்டும். எண் பழகாதவரிடம், “முதல் நாள் வலியை ஒரு ரூபாய்னு வெச்சுக்கிட்டா, இன்னிக்கு எத்தனை பைசா இருக்கு?” என்று கேட்டால் பதில் சட்டென்று வரும்.

எண் பேச்சைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். வீட்டார் அதிகம் சொல்லும் புகாரையே எடுத்துக்கொள்வோம்: “எதுவுமே சாப்பிட மாட்டேங்கிறார் டாக்டர்.” இதற்குச் சத்து மாவும் டிரிப்ஸும் எழுதுவது சுலபம். அதற்கு முன் டார்ச் அடித்து வாயைப் பார்க்க வேண்டும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்று. ருசி போய், விழுங்கும்போது எரியும். ஒன்றிரண்டு வாரப் பூஞ்சை மருந்தில் சரியாகிவிடும். பல்செட் இருந்தால் அதையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப வரும்.

வாய் சுத்தமாக இருந்தால் அடுத்த கேள்வி: பசிக்கவே இல்லையா, இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறதா? இரண்டாவது என்றால், வீங்கிய கல்லீரலோ வயிற்று நீரோ இரைப்பையை நசுக்கியிருக்கலாம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கும் மெட்டோகுளோப்ரமைடு கொடுத்தால் பலருக்கு இறங்கும். ஆனால் வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் இருந்தால் குடல் முழுக்க அடைபட்டிருக்கலாம். அப்போது இதே மருந்து குடலை இன்னும் முறுக்கி வலியைக் கூட்டும். கூடவே தாகம், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு, ஓயாத தூக்கம் என்றால் ரத்தத்தில் கால்சியம் பார்க்க வேண்டும். கூடியிருந்தால் சலைனும், கால்சியத்தைக் குறைக்கும் சோலெட்ரானிக் அமில ஊசியும் பல நேரங்களில் ஆளையே மாற்றிக் காட்டும். இவை எதுவும் இல்லையென்றால் நோயே உடலைக் கரைக்கிறது. அந்த நிலையில் வற்புறுத்தி ஊட்டினாலும் சதை போடாது. பட்டினியால் அவர் மெலியவில்லை என்று வீட்டாரிடம் பொறுமையாகச் சொல்வதும் சிகிச்சையில் சேர்த்தி.

வலியிலும் இதே முறைதான். மனித உருவம் வரைந்த தாளைக் கொடுத்து வலிக்கும் இடங்களைக் குறிக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் வரும். ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். எரிச்சலாக, ஷாக் அடிப்பதுபோல இருந்தால் நரம்பு. அசைந்தால் மட்டும் வலித்தால் எலும்பு. விட்டு விட்டு முறுக்கினால் குடல். பிறகு மாத்திரைப் பையைக் கொட்டி ஸ்ட்ரிப்பை எண்ணுவது. கடும் வலிக்குக் கொடுக்கும் சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறக்குறைய 4 மணி நேரமே வேலை செய்யும். “வலிச்சா மட்டும் போட்டுக்கிறார்” என்றால் மருந்து தோற்கவில்லை, அட்டவணைதான் தோற்றது. 4 மணிக்கொரு முறை 10 மில்லிகிராம் என்றால் நாளைக்கு 60. இடையில் வலி கிளம்பினால் அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இன்னொரு 10. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மறந்தால் மலம் கல்லாக இறுகி, அதைச் சுற்றித் தண்ணீர் மட்டும் ஒழுகும். பேதி என்று நினைத்து வீட்டில் நிறுத்துகிற மாத்திரை கொடுக்க, நிலைமை இரட்டிப்பாகும். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கக் கூச்சப்படும் மருத்துவர் இதைத் தவறவிடுவார்.

ஒரே ஒரு வலிக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: புதிதாக வந்த முதுகுவலி. படுத்தாலோ இருமினாலோ கூடினால், மார்பைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல இருந்தால், காலில் பலம் குறைந்தால், சிறுநீர் போகச் சிரமப்பட்டால் தண்டுவடம் அழுந்துகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் புற்றுகளில் இது அதிகம். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் அன்றே, எம்ஆர்ஐ 24 மணி நேரத்துக்குள், அடுத்துக் கதிர்வீச்சுச் சிகிச்சை. சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருந்தவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். கால் விழுந்த பிறகு வந்தவர் எழுவது அரிது.

மனம் பற்றிய கேள்விகளுக்கு உறவினரைச் சற்று வெளியே அனுப்புவது நல்லது. அதற்கு முன்பே மகன் வாசலில் மறித்து, “அப்பாவுக்கு கேன்சர்னு தெரியாது, சொல்லிடாதீங்க” என்றிருப்பார். மகனோடு வாதாட வேண்டாம். நோயாளியிடம், “உங்களுக்கு என்ன உடம்புன்னு சொல்லியிருக்காங்க?” என்று கேட்டாலே போதும், பல அப்பாக்களுக்கு ஏற்கெனவே தெரியும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது அடுத்த கேள்வி. மனச்சோர்வைக் கணிக்கத் தூக்கமின்மையும் எடைக்குறைவும் இங்கே உதவாது, அவை நோயாலேயே வரும். பேரக்குழந்தை வந்தாலும் முகம் மலரவில்லையா, குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன் என்று ஓயாமல் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

கவனிப்பவரைப் பற்றியும் தனிப் பக்கம் வேண்டும்: இரவில் யார் புரட்டிப் படுக்க வைக்கிறார், யார் வேலையை விட்டார், கடன் எவ்வளவு. புண்ணின் நாற்றத்தால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்பது இந்தப் பேச்சில்தான் வெளிவரும். கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் சில நாளில் நாற்றம் அடங்கும்.

மார்ஃபின் தொடங்கிய ஓரிரு நாளில் மறுபடி மதிப்பெண் கேட்க வேண்டும். முதல் சில நாள் தூக்கக் கலக்கம் சகஜம், தானே குறையும். அளவு மாறாமலிருந்தும் இரண்டாவது வாரத்தில் புதிதாகச் சொக்க ஆரம்பித்தால் சிறுநீரகம், கால்சியம், கிருமித்தொற்று ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே மார்ஃபின்மேல் பழி போட வேண்டும்.