புரைக்கு அப்பால் டார்ச் காட்டுவது

மும்பை மாட்டுங்காவிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாமியாருக்கு இடது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டது. ஸ்கேனில் படமே விழவில்லை என்றவர்கள், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நரம்பு பரவாயில்லை என்கிறார்கள். அதை நம்பலாமா?"

புரையால் கண்ணின் வில்லை (லென்ஸ்) மங்கிவிட்டால் நோயாளிக்கு வெளியுலகம் தெரியாததுபோலவே மருத்துவருக்கும் விழித்திரை தெரிவதில்லை. விழித்திரையை ஒளியால் ஸ்கேன் செய்யும் ஓ.சி.டி. கருவியின் ஒளி வலுவிழந்து திரும்புவதால், விழித்திரையின் நரம்பிழைப் படலம் உள்ளதைவிட மெல்லியதாகப் பதிவாகி, பார்வை நரம்பைப் பழுதாக்கும் கிளாக்கோமா நோய் இல்லாமலே இருப்பதுபோலத் தோன்றக்கூடும். கண்ணின் நீளத்தை அளக்கும் லேசர் கருவியும் முற்றிய புரையிடம் தோற்றுவிடுவதால் ஒலியலைக் கருவியை நாட வேண்டியிருக்கிறது. அதன் முனை கருவிழியைச் சற்று அழுத்தினாலும் கண் குட்டையாகப் பதிவாகும். அதில் 1 மில்லிமீட்டர் பிசகினால், பொருத்தும் லென்ஸின் பவரில் 2.5 முதல் 3 டயாப்டர் வரை பிசகும்.

டார்ச்சுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பாவை, அதாவது கருவிழியின் நடுவிலுள்ள ஒளி நுழையும் துளை, சுருங்குவதற்குத் தெளிவான பிம்பம் தேவையில்லை, விழித்திரையில் விழும் வெளிச்சமே போதும். புரையோ வெளிச்சத்தைத் தடுப்பதைவிடச் சிதறடிப்பதே அதிகம். சொரசொரப்பான கண்ணாடி பதித்த குளியலறை ஜன்னலில் வெளியே நிற்பவரின் முகம் தெரியாது, ஆனால் அறைக்குள் வெளிச்சம் வந்துவிடும். பார்வை நரம்பு வழியாக நடுமூளையை அடையும் செய்தி அங்கிருந்து இரு பக்கமும் பிரிந்து செல்வதால், எந்தக் கண்ணில் ஒளி பட்டாலும் இரண்டு பாவைகளும் சேர்ந்தே சுருங்குகின்றன. ஆகவே இருட்டறையில் நோயாளியைத் தொலைவில் பார்க்கச் சொல்லிவிட்டு, டார்ச்சை ஒரு கண்ணில் இரண்டு மூன்று விநாடி நிறுத்திச் சட்டென்று மறு கண்ணுக்கு மாற்றுவார்கள். அந்தக் கண்ணின் நரம்பு பழுதாகியிருந்தால், மூளைக்குத் திடீரென வெளிச்சம் குறைந்ததாகவே செய்தி போகும். ஒளி நேரே விழுந்துகொண்டிருக்கும்போதே பாவை விரியும்! வெறும் புரை இப்படிச் செய்யாது. ஒரு கண்ணில் மட்டும் புரை வெண்மையாக முற்றியிருந்தால், சில சமயம் நல்ல கண்ணின் பாவைதான் இலேசாக விரிகிறது. புரை ஒளியை விழித்திரை முழுவதும் பரப்புவதும், அதன் பின்னால் இருளுக்குப் பழகிய விழித்திரை கூருணர்வு பெறுவதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

ஆனால் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும். நெரிசலான முகாம்களில் வரிசையில் உட்காரவைத்து முதலில் சொட்டு மருந்தை விட்டுவிட்டால், இந்தச் சோதனைக்கான வாய்ப்பு அப்போதே போய்விடும். இயந்திரங்களுக்கு நிதி ஒதுக்குவோர், இந்த அரை நிமிடச் சோதனையைப் பொறுமையாகச் செய்யும் பணியாளர்களைப் பயிற்றுவிக்கவும் கொஞ்சம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து. "புரை முற்றட்டும்" என்று காத்திருக்கும் பழைய வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும். முற்ற முற்ற அறுவைச் சிகிச்சையோடு பரிசோதனைகளும் கடினமாகின்றன.

வாசகியின் கேள்விக்கு வருவோம். நரம்பைப் பற்றி டார்ச் சொல்வதைப் பெருமளவு நம்பலாம். ஆனால் அது இரு கண்களையும் ஒப்பிடும் சோதனை என்பதால், இரண்டு நரம்புகளும் ஒரே அளவுக்குப் பழுதாகியிருந்தால் எதையும் காட்டாது. விழித்திரையின் மையத்தில் உள்ள சிறிய கோளாறும் அதற்குத் தப்பிவிடும். எனவே விழித்திரை விலகியிருக்கிறதா என்று பார்க்கும் பி-ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். ஓ.சி.டி.யைப் புரை அகற்றிய பிறகு மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள்.