ஏற்றுமதி மானியத்தை ஊக்கத்தொகை ஆக்காதீர்கள்

பஞ்சு விலை பேச்சுக்கு வரும்போதெல்லாம் தொலைக்காட்சியில் 'ஏற்றுமதி ஊக்கத்தொகை' என்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அவர்கள் சொல்ல வருவது சப்சிடி. அதற்கு மானியம் என்ற சொல் எப்போதோ நிலைத்துவிட்டது.

மானியம் வடசொல்தான். கோயில் பணியாளருக்கும் ஊர் ஊழியருக்கும் வரி நீக்கியோ குறைத்தோ விட்ட நிலம் மானியம். பிறகு அரசு தரும் பண உதவிக்குப் பெயரானது. சப்சிடிக்கு லத்தீன் மூலமான 'சப்சிடியம்' போரில் பின்னால் நிறுத்திவைக்கும் துணைப்படை. இவ்வளவு போதும்.

ஊக்கத்தொகை என்ற சொல்லுக்குள் பாராட்டு ஒளிந்திருக்கிறது. அதுதான் என் சண்டை. நூல் ஏற்றுமதிக்கு அரசு பணம் கொடுத்தால் நூல் கப்பலேறும், உள்ளூரில் விலையும் ஏறும். திருப்பூர் பின்னலாடைக்காரருக்கு இதில் என்ன ஊக்கம்? அமெரிக்கா 'ஸ்டெப் 2' திட்டத்தில் தன் நாட்டுப் பஞ்சை வாங்கிய ஆலைகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் விலை வித்தியாசத்தை ஈடுகட்டியது. பிரேசில் 2002-இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து, 2005-இல் மேல்முறையீட்டிலும் வென்றது. மறு ஆண்டு திட்டம் நின்றது. பணக்கார நாடுகளின் மானியம் உலகச் சந்தை விலையைச் சரிக்கிறது என்று பெனின், மாலி, சாட், புர்கினா பாசோ நான்கும் 2003-இல் முறையிட்டன. அந்த ஊர்ப் பருத்தி விவசாயியிடம் போய் ஊக்கத்தொகை என்று சொல்லிப் பாருங்கள்!

தனித்தமிழ் அன்பர்கள் 'நல்கை' என்கிறார்கள். அழகான சொல், ஆனால் ஆய்வு நல்கை என்று அது கிராண்டுக்குப் போய்விட்டது. உர மானியம், காஸ் மானியம் என்று ஊரே சொல்லும்போது இன்னொன்று எதற்கு?

இதைவிடப் பெரிய குளறுபடி டிராபேக். சென்னை ராஜாஜி சாலை சுங்க மாளிகைப் பக்கம் 'டிராபேக் ஏறிவிட்டதா?' என்றுதான் கேட்பார்கள். ஏற்றுமதிச் சரக்கின் இடுபொருள்கள் மீது செலுத்திய வரி திரும்ப வருவது அது. ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லே அதற்கான விண்ணப்பம். இதை 'வரி மீளளிப்பு' என்று எழுதலாம், மானியம் என்று எழுதக்கூடாது. கட்டிய வரிக்கு மிகாமல் திருப்பிக் கொடுத்தால் உலக வர்த்தக விதிப்படியும் அது மானியமாகாது.

ஏற்றுமதியாளர்களுக்குச் சலுகை தந்த இந்தியாவின் எம்இஐஎஸ் திட்டத்தை விதிமீறிய ஏற்றுமதி மானியம் என்று 2019-இல் உலக வர்த்தக அமைப்பின் விசாரணைக் குழு சொன்னது. அதற்குப் பதிலாக 2021-இல் வந்த ரோடெப் திட்டம் அதனால்தான் வரி மீளளிப்பாக வகுக்கப்பட்டது. டெல்லியில் பார்த்துப் பார்த்துப் போட்ட சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'புதிய ஊக்கத்தொகை' என்று ஒரே வரியில் கவிழ்க்கிறார்கள். ஜெனீவாவில், உலக வர்த்தக அமைப்பின் வழக்கில், எதிர்த்தரப்பு வக்கீல் சொல்ல விரும்புவதும் அதைத்தான்.