அந்தச் சங்கிலியில் நடந்ததை இந்தச் சங்கிலிக்கு யார் சொன்னது?

"சார், அங்க கழிஞ்சிடுச்சு, இங்க வரல."

ஒரு பிளாக்செயினில் (சங்கிலி என்று சொல்கிறேன்) இருக்கும் பணத்தை இன்னொன்றில் பயன்படுத்த உதவுபவை பிரிட்ஜ்கள். அவற்றின் நிரலைத் தணிக்கை செய்வது என் வேலை. அது தெரிந்தவர்கள் என்னிடம் அதிகம் சொல்வது இந்த ஒரு வரிதான். சமீபத்தில் நண்பர் ஒருவர் இதையே சொல்லி, எதீரியம் என்ற சங்கிலியிலிருந்து வேறொரு நெட்வொர்க்குக்கு அனுப்பிய பரிவர்த்தனையின் ஹாஷையும் (அதை அடையாளம் காட்டும் எண்) அனுப்பியிருந்தார். பணம் ஏதோ குழாய் வழியாக ஓடிவருகிறது, நடுவில் எங்கோ சிக்கிக்கொண்டது என்பது அவர் நினைப்பு. பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் எந்த நாணயமும் தன் சங்கிலியை விட்டு வெளியே போவதே இல்லை.

பிளாக்செயின் என்பது ஒரு கணக்குப் புத்தகம். தன் பக்கங்களில் எழுதியிருப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எதீரியத்தில் ஓடும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது சங்கிலியிலேயே தானாக இயங்கும் நிரல், பிட்காயினில் என்ன நடந்தது என்று எட்டிப் பார்க்க முடியாது. ஓர் இணையப் பக்கத்தைக்கூடத் திறந்து பார்க்க முடியாது. இப்படிக் கட்டியதற்குக் காரணம் உண்டு. ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு ஒரே விடைக்கு வந்தாக வேண்டும். வெளியே பார்க்க விட்டால் ஆளுக்கொரு விடை வரும்.

ஆகவே வெளியே நடந்ததை யாராவது வந்து சாட்சி சொன்னால்தான் உண்டு. பிரிட்ஜ் என்றால் அந்தச் சாட்சி. சாட்சி யார், அவர் பொய் சொன்னால் பிடிபடுவாரா? ஒரு பிரிட்ஜைப் பற்றி நான் முதலில் கேட்பது இதைத்தான்.

நண்பரின் ஹாஷை, சங்கிலியின் பதிவுகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் திறந்தேன். அவருடைய ஈதர் (எதீரியத்தின் நாணயம்) பிரிட்ஜின் கான்ட்ராக்டுக்குள் போய்ப் பூட்டப்பட்டிருந்தது. அதோடு ஒரு லாக் (log, நிகழ்வுக் குறிப்பு) பதிவாகியிருந்தது: இவ்வளவு தொகை, இந்தச் சங்கிலிக்கு, இந்த முகவரிக்கு. எதீரியத்தின் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. இதற்குப் பிறகு பிரிட்ஜின் வாலிடேட்டர்கள், அதாவது சாட்சிக் கையெழுத்துப் போடும் கணினிகள், அந்த லாக்கைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. அந்தப் பதிவு இருக்கும் பிளாக் (கணக்குப் புத்தகத்தின் பக்கம்) பின்னால் மாறிப்போகாது என்று உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டும். எதீரியத்தில் அதற்குச் சுமார் 13 நிமிடம் ஆகும். பிறகு கையெழுத்துகளைத் திரட்டி ரிலேயர் என்ற தூது நிரல் மறுபக்கம் கொண்டுபோகும். அங்கிருக்கும் கான்ட்ராக்ட் கையெழுத்துகளைச் சரிபார்த்து, அதே அளவுக்குப் புது டோக்கனை அச்சடித்துக் கொடுக்கும்.

வந்து சேர்வது ஈதர் அல்ல, ஈதருக்கான ரசீது. ராப்டு டோக்கன் என்பது அதுதான். அசல் அந்தப் பக்கத்துப் பெட்டியில் கிடக்கிறது. பெட்டியைத் துடைத்துவிட்டால் ரசீதைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது. 2019-இல் வந்த டபிள்யூபிடிசியும் (எதீரியத்தில் சுற்றும் பிட்காயின் ரசீது) இந்த வகைதான். எதீரியத்தில் உள்ளதுபோன்ற கான்ட்ராக்டைப் பிட்காயினில் எழுத முடியாது. அதனால் அங்கே பெட்டியைக் காக்கும் பொறுப்பு ஒரு நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது.

பெட்டி துடைக்கப்பட்ட கதைகளில் ரோனினை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட சங்கிலி அது. பிரிட்ஜுக்கு 9 வாலிடேட்டர்கள், 5 கையெழுத்து இருந்தால் பணம் எடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கையெழுத்திடும் ரகசியச் சாவிகள் 9-இல் 4 ஸ்கை மாவிஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தன. ஐந்தாவது, உறுப்பினர்கள் வாக்களித்து நடத்தும் அமைப்பான ஆக்ஸி டிஏஓவுடையது. 2021 நவம்பரில் கூட்டம் அதிகமாகி நெட்வொர்க் திணறியபோது, தன் சார்பில் கையெழுத்திட அந்த டிஏஓ ஸ்கை மாவிஸுக்கு அனுமதி கொடுத்தது. டிசம்பரில் அந்த ஏற்பாடு முடிந்தது. அனுமதியை நீக்க மட்டும் யாரும் நினைக்கவில்லை. நிறுவனத்துக்குள் நுழைந்தவர்களுக்கு ஐந்து கையெழுத்தும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டன. 2022 மார்ச் 23 அன்று 1,73,600 ஈதரும் 2.55 கோடி யூஎஸ்டிசியும் (ஒவ்வொன்றும் ஒரு டாலர் மதிப்புள்ள டோக்கன்) போயின. அன்றைய மதிப்பில் 60 கோடி டாலருக்கு மேல்.

ஆறு நாள் யாருக்கும் தெரியாது. 29-ஆம் தேதி ஒரு பயனர் 5,000 ஈதரை எடுக்கப் பார்த்து முடியவில்லை என்று சொன்ன பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. திருட்டுக்குப் பின்னால் வட கொரியாவின் லாசரஸ் ஹேக்கர் குழு இருந்ததாக எஃப்பிஐ பிறகு அறிவித்தது. திருடன் யாராக இருந்தாலும், இந்த ஆறு நாள்தான் என்னை இன்றும் உறுத்துகிறது. பெட்டியில் இருப்பதையும் வெளியே சுற்றும் ரசீதுகளையும் மணிக்கொரு முறை ஒப்பிட்டுப் பார்க்கும் சின்ன நிரல் ஒன்று இருந்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே தெரிந்திருக்கும்.

சாவி திருடப்படாமலும் பிரிட்ஜ் விழும். 2022 பிப்ரவரியில் வார்ம்ஹோல் பிரிட்ஜின், சொலானா என்ற சங்கிலியின் பக்கத்தில் கையெழுத்தைச் சரிபார்க்கும் இடத்தையே ஒருவர் ஏமாற்றி, பின்னால் ஈதர் எதுவும் இல்லாமல் 1,20,000 ராப்டு ஈதரை அச்சடித்துக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் நோமாட் பிரிட்ஜ். அதில் நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒரு மேம்படுத்தலின்போது, நம்பத்தக்க ரூட்களின் (செய்திகளை நிரூபிக்க உதவும் மதிப்புகள்) பட்டியலில் பூச்சியம் சேர்ந்துவிட்டது. நிரூபிக்கப்படாத எந்தச் செய்திக்கும் ரூட் மதிப்பு இயல்பாகவே பூச்சியம்தான். அதாவது நிரூபிக்காத செய்தி எல்லாமே நிரூபித்த செய்தி ஆகிவிட்டது. முதல் ஆள் எடுத்ததைப் பார்த்தவர்கள், அதே பரிவர்த்தனையை நகலெடுத்து, முகவரியை மட்டும் தங்களுடையதாக மாற்றி அனுப்பினார்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. சில மணி நேரத்தில் சுமார் 19 கோடி டாலர் காலி. அன்றிலிருந்து எந்த பிரிட்ஜை ஆடிட்டுக்கு எடுத்தாலும் நான் எழுதும் முதல் டெஸ்ட், ஆதாரம் எதுவும் இல்லாத செய்தியை அனுப்பிப் பார்ப்பது.

என் மேசைக்கு வந்த ஒரு கான்ட்ராக்டில் கையெழுத்துச் சோதனை எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் கையெழுத்திடப்படும் செய்திக்குள் எந்தச் சங்கிலிக்கு என்ற எண் இல்லை. ஒரு சங்கிலியில் டோக்கன் பெற்ற அதே கையெழுத்தை இன்னொரு சங்கிலியில் காட்டி மறுபடியும் பெற்றுக்கொள்ளலாம். டெஸ்ட்நெட் என்ற சோதனைச் சங்கிலியில் நானே இரண்டு தடவை வாங்கிக் காட்டினேன். சேர்க்க வேண்டியிருந்தது ஒரே வரி. அதை எழுதியவர்கள் திறமைசாலிகள். தங்கள் கான்ட்ராக்ட் ஒரே சங்கிலியில்தான் இருக்கும் என்று எண்ணி எழுதத் தொடங்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆள் சாட்சிக்குப் பதில் கணக்கையே சாட்சியாக்கும் வழியும் உண்டு. காஸ்மாஸ் என்ற குடும்பத்துச் சங்கிலிகளிடையே 2021 முதல் இயங்கும் ஐபிசி என்ற நெறிமுறை அப்படிப்பட்டது. ஒவ்வொரு சங்கிலியும் மற்றதன் லைட் கிளையன்ட்டை, அதாவது அதைச் சுருக்கமாகச் சரிபார்க்கும் நிரலை, தனக்குள் வைத்திருக்கும். எதிர்ச் சங்கிலியின் பிளாக் தலைப்புகளையும் அதன் வாலிடேட்டர்களின் கையெழுத்துகளையும் தானே சரிபார்க்கும். செய்தியைச் சுமந்து வரும் ரிலேயர் யாராகவும் இருக்கலாம். அவரால் தாமதம் செய்ய முடியும், திரிக்க முடியாது. குறித்த நேரத்துக்குள் செய்தி போய்ச் சேரவில்லை என்று நிரூபணமானால் அனுப்பியவருக்குப் பணம் திரும்பிவிடும். என் விருப்பம் இந்த வழிதான். ஆனாலும் சரிபார்க்கும் நிரலை எழுதுவது மனிதர்கள்தானே. 2022 அக்டோபரில் பிஎன்பி சங்கிலியின் பிரிட்ஜில் ஆதாரத்தைச் சோதிக்கும் நிரலில் இருந்த ஓட்டையால், பொய்யான ஆதாரத்தைக் காட்டி 20 லட்சம் பிஎன்பி நாணயம் எடுக்கப்பட்டது. சங்கிலியையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

யூஎஸ்டிசிக்கு அதை வெளியிடும் சர்க்கிள் நிறுவனமே 2023-இல் ஒரு வழி கொண்டுவந்தது. இந்தப் பக்கம் அழித்துவிட்டு அந்தப் பக்கம் புதிதாக வெளியிடுகிறார்கள். பூட்டிய பெட்டி என்று ஒன்று இல்லை, கொள்ளையடிக்கவும் இல்லை. அந்த நிறுவனத்தை நம்ப வேண்டும். யூஎஸ்டிசி வைத்திருப்பவர் ஏற்கெனவே நம்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

எதீரியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின் 2022 ஜனவரியில் ஒரு எச்சரிக்கை எழுதினார். ஒரு சங்கிலி 51 சதவீதத் தாக்குதலுக்கு (சங்கிலியின் கட்டுப்பாட்டில் பாதிக்கு மேல் தாக்குபவர் கைக்குப் போவது) ஆளாகிப் பின்னோக்கிப் போனாலும், அதன் சொந்த நாணயம் வைத்திருப்பவரின் கணக்கு உள்ளுக்குள் ஒத்துப்போகும். ஆனால் அங்கே பூட்டியதைக் காட்டி இங்கே வெளியிட்ட ரசீதுக்குப் பின்னால் எதுவும் இல்லாமல் போகலாம். பிரிட்ஜின் நிரல் பழுதில்லாமல் இருந்தாலும் இது நடக்கும். அதனால்தான் நீண்ட நாள் வைத்திருக்கும் சொத்தை அதன் சொந்தச் சங்கிலியிலேயே வையுங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். பாலத்தின் மேல் நடக்கலாம், குடியிருக்க வேண்டாம்.

பிரிட்ஜைப் பயன்படுத்தும்போது ஆவணத்தில் எத்தனை வாலிடேட்டர்கள் என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள், அந்தச் சாவிகள் எத்தனை பேர் கையில் என்று தேடுங்கள். மல்டிசெயின் பிரிட்ஜில் சாவி பல துண்டுகளாகப் பிரிந்திருப்பதாகத்தான் எல்லோரும் நம்பினார்கள். 2023 ஜூலையில் அதன் குழு வெளியிட்ட அறிக்கைப்படி, சர்வர்கள் அனைத்தும் நிறுவனத் தலைவரின் சொந்த கிளவுட் கணக்கில் இருந்தன, அவரோ மே மாதமே சீனப் போலீசாரின் பிடியில் போயிருந்தார். இன்னொன்று, பிரிட்ஜுக்கு வாலட்டில் (நாணயங்களைக் கையாளும் செயலி) அனுமதி கொடுக்கும்போது அனுப்பும் தொகைக்கு மட்டும் கொடுங்கள். வரம்பில்லாத அனுமதி கொடுத்தால் அந்த கான்ட்ராக்ட் பின்னாளில் கெட்டுப்போகும்போது வாலட்டில் மீதி இருப்பதும் போகும்.

நண்பரின் பணம் எங்கேயும் போகவில்லை. கையெழுத்துகள் திரண்டுவிட்டன. அந்த பிரிட்ஜில் மறுபக்கம் கிளெய்ம் பட்டனை நாமே அழுத்த வேண்டும், அந்தப் பரிவர்த்தனைக்குச் சங்கிலி கேட்கும் கேஸ் கட்டணத்துக்கு அந்தச் சங்கிலியின் நாணயம் அவரிடம் இல்லை. கொஞ்சம் வாங்கிப் போட்டதும் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. எனக்கு எழுதுவதற்கு முன்னால் அவர் ஒரு டெலிகிராம் குழுவில் உதவி கேட்டிருந்தார். சில நிமிடங்களிலேயே மூன்று பேர் 'சப்போர்ட்' என்று தனிச்செய்தியில் வந்து, வாலட்டையே திறந்துவிடும் 12 ரகசியச் சொற்களைக் கேட்டிருக்கிறார்கள். அவர் முதல் நான்கு சொற்களைத் தட்டிவிட்டு, ஏதோ சந்தேகம் வந்து, அனுப்பாமல் நிறுத்தியிருந்தார்.