ஸ்வயம்: படிப்பு இலவசம், கிரெடிட் தானாக வராது

பெங்களூரில் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் ஸ்வயம் இணையத் தளத்தில் பாடம் கேட்கிறார்கள், சான்றிதழும் வாங்கி வைத்திருக்கிறார்கள். அது கிரெடிட்டாக, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகாக, மதிப்பெண் பட்டியலில் ஏறியதா என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். ஏறாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: கல்லூரியிடம் முன்கூட்டி ஒப்புதல் வாங்கவில்லை.

ஸ்வயம் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தளம். 2017 ஜூலையில் தொடங்கியது. பொறியியல், அறிவியல் பாடங்களில் பெரும்பகுதி என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டம் வழியாக ஐஐடிகளும் நம்மூர் ஐஐஎஸ்சியும் தருபவை. மேலாண்மைப் பாடங்களுக்கு ஒருங்கிணைப்பாளர் பன்னேர்கட்டா சாலை ஐஐஎம். யார் வேண்டுமானாலும் பணம் கட்டாமல் சேர்ந்து படிக்கலாம். தேர்வுக்குத்தான் கட்டணம்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2021 விதிப்படி, ஒரு பருவத்தில் நடக்கும் மொத்தப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாக முடிக்கலாம். 2016 விதியில் இது 20 ஆக இருந்தது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பது கல்லூரித் தரப்பின் முடிவு. தன்னாட்சிக் கல்லூரியானால் அதன் கல்விக்குழு தீர்மானிக்கும். விடியு என்ற விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள மற்றக் கல்லூரியானால் பல்கலைக்கழகச் சுற்றறிக்கையைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே வகுப்பில் நடத்தும் பாடத்தோடு பாதிக்கு மேல் ஒத்துப்போகும் ஒன்றை எடுத்தால் நிராகரிக்க வாய்ப்பு அதிகம். அதனால் பருவம் தொடங்கும்போதே பாடத்தின் பெயர், வாரக் கணக்கு, நடத்தும் நிறுவனம் மூன்றையும் எழுதித் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாய்மொழியாகச் சொன்னது தேர்வுப் பிரிவில் செல்லாது.

என்பிடெல் பாடத்தில் 4 வாரத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. மதிப்பெண்ணில் 25 வாராந்தர அசைன்மென்டுக்கு, 75 நேரடித் தேர்வுக்கு. அசைன்மென்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தேர்வில் 70 வாங்கிவிட்டு அசைன்மென்டில் 8 இருந்தால் சான்றிதழ் கிடையாது.

இதில் தடுக்கி விழுபவர்கள் அதிகம். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டுகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள்; 8 வாரத்தில் 6, 4 வாரத்தில் 3. ஆகவே ஒன்றிரண்டு விட்டுப்போனால் பதற வேண்டாம். கெடு நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதுதான் கணக்கு. கெடு முடிந்தபின் யாரிடம் கெஞ்சினாலும் திறக்காது. விடைகளை டெலிகிராம் குழுவில் வாங்கிப் போடுபவர்களுக்கு 25க்கு 24 வரும். தேர்வு அறையில் அது கைகொடுக்காது.

பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. தேர்வுப் படிவம் தனியாகத் திறக்கும், பாடம் தொடங்கிய சில வாரங்களில் மூடிவிடும். மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டவர்கள் 12 வாரமும் உழைத்துவிட்டுத் தேர்வெழுத முடியாமல் போகிறார்கள். கட்டணம் பாடத்துக்கு 1,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சான்று ஏற்றினால் பாதி. என்பிடெல் அல்லாத பாடங்களுக்குத் தேர்வை தேசியத் தேர்வு முகமையான என்டிஏ நடத்துகிறது. அதற்குக் கட்டணமும் வேறு, அகமதிப்பீடு 30, தேர்வு 70 என்ற பிரிப்பும் வேறு.

பெயரில் கவனம் தேவை, அதுவும் நம்மவர்களுக்கு. தமிழ்நாட்டுச் சான்றிதழில் 'எஸ். கார்த்திக்', கர்நாடக மார்க்ஸ் கார்டில் 'கார்த்திக் எஸ்', ஆதாரில் அப்பா பெயரோடு 'கார்த்திக் செல்வம்' என்று மூன்று விதமாக இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். தேர்வுப் படிவத்தில் போடும் பெயரும் படமும்தான் சான்றிதழில் அச்சாகும். கல்லூரிப் பதிவில் உள்ள பெயரையே எழுத்துப் பிசகாமல் போடுங்கள். தேர்வு நாளில் காட்டும் அசல் அடையாள அட்டையும் அதோடு ஒத்துப்போகட்டும்.

தேர்வு கணினியில், 3 மணி நேரம். ஊர் பெங்களூரு என்று போட்டாலும் மையம் எந்த மூலையில் என்பது ஹால் டிக்கெட் வந்தால்தான் தெரியும். காலைத் தேர்வு 9 மணிக்கு. அல்சூரில் இருப்பவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டி விழுந்தால் அன்று டிராஃபிக்கை நம்பக் கூடாது. ஒரே நாள் ஒரே வேளையில் இரண்டு தேர்வு எழுத முடியாது. பாடம் தேர்ந்தெடுக்கும்போதே தேதியைப் பாருங்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஓர் உதவி: பல என்பிடெல் பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு, இறக்கிக்கொள்ளலாம். தேர்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், அதனால் கலைச்சொற்களை இரண்டிலும் குறித்துவைப்பது நல்லது.

கடைசிப் பருவத்துக்காரர்கள் இதை நம்பி இறங்குமுன் யோசிக்க வேண்டும். ஜூலையில் தொடங்கும் 12 வாரப் பாடத்துக்குத் தேர்வு அக்டோபர் கடைசியை ஒட்டி வரும், முடிவு வர மேலும் பல வாரமாகும். அதற்குள் கல்லூரி மதிப்பெண்ணை அனுப்பிவிட்டால் கிரெடிட் தொங்கலில் நிற்கும். முடிவு வந்ததும் சான்றிதழை இறக்கி, கையெழுத்தான ஒப்புதல் நகலோடு சேர்த்துத் தேர்வுப் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள்.