'காட்டன்' தப்பில்லை

சென்னையிலும் புதுச்சேரியிலும் உட்கார்ந்துகொண்டு லண்டன், நியூயார்க் பதிப்பகங்களின் புத்தகங்களுக்கு ஆங்கிலம் திருத்துகிற கூட்டத்தில் நானும் ஒருவன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். பள்ளியில் 'கோ, வென்ட், கான்' என்று மனப்பாடம் செய்த அட்டவணையில் இல்லாத இறந்தகால வடிவம் கண்ணில் பட்டால் போதும், உடனே அடித்துவிடுகிறார்கள். அது பிரிட்டிஷ் அட்டவணை என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லேர்ன், பர்ன், ட்ரீம், ஸ்பெல் போன்றவற்றில் அதிகக் குழப்பமில்லை. பிரிட்டனில் 'ட்ரெம்ட்', 'ட்ரீம்டு' இரண்டும் ஓடும். அமெரிக்காவில் பெரும்பாலும் பின்னதுதான். ஆனால் கருகிய ரொட்டியை அமெரிக்கரும் 'பர்ன்ட் டோஸ்ட்' என்றுதான் சொல்வார். பெயரடையாக வரும் இடத்தில் பழைய வடிவம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உண்மையான வம்பு 'கெட்' என்பதன் மூன்றாவது வடிவமான 'காட்டன்' விஷயத்தில். (தமிழில் எழுதினால் பருத்திச் சேலை ஞாபகம் வருகிறது, என்ன செய்ய!) 'காட்' என்பதற்கு அமெரிக்கர்கள் கண்டுபிடித்த கொச்சை இது என்று நம்மூரில் பலர் நினைக்கிறார்கள். 1611-இல் இங்கிலாந்தில் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே, காயீனைப் பெற்ற ஏவாள் 'ஐ ஹேவ் காட்டன் எ மேன்' என்கிறாள். கப்பலேறிப் போனவர்கள் அதை அமெரிக்காவில் காப்பாற்றிக்கொண்டார்கள். தாய்நாட்டில் அது மெல்லத் தேய்ந்தது. அதைக் கேட்டு முகம் சுளிக்கும் ஆங்கிலேயரும் 'ஃபர்காட்டன்' என்று தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அமெரிக்கருக்கு 'காட்' வேறு, 'காட்டன்' வேறு. 'ஐ ஹேவ் காட் டிக்கெட்ஸ்' என்றால் டிக்கெட் கையில் இருக்கிறது. 'ஐ ஹேவ் காட்டன் டிக்கெட்ஸ்' என்றால் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. அதனால் பிரிட்டிஷ் நூலை அமெரிக்கப் பதிப்புக்கு மாற்றும்போது ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் கை வைத்தால் விபரீதம்தான். 'ஐ ஹேவ் காட் டு கோ டு கோர்ட்' என்பதில் 'காட்டன்' புகுந்தால், கோர்ட்டுக்குப் போயே தீர வேண்டியவனுக்குக் கோர்ட்டுக்குப் போகும் பாக்கியம் கிடைத்துவிடும்.

'ஃபிட்' சத்தமில்லாமல் ஏமாற்றும். 'த ஷர்ட் ஃபிட் ஹிம்' என்பது அமெரிக்காவில் முறையான இறந்தகாலம், பிரிட்டனில் 'ஃபிட்டட்'. இதை நிகழ்காலம் என்று எண்ணி, விட்டுப்போன 'எஸ்' ஒன்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. நேற்று அளவாக இருந்த சட்டை இன்றைக்கு அளவாகிவிடும். ஸ்பெல் செக் வாயே திறக்காது.

ஒழுங்கற்ற வினைகள் எல்லாமே பழங்காலத்து மிச்சம் என்பதும் சரியல்ல. 'ட்ரைவ், ட்ரோவ்' மாதிரியைப் பார்த்து 'டைவ்' என்பதற்கு 'டோவ்' என்ற வடிவம் வட அமெரிக்காவில் பரவியது 19ஆம் நூற்றாண்டில். 'ஸ்னீக்' என்பதற்கு 'ஸ்னக்' வந்தது அந்த நூற்றாண்டின் கடைசியில். கனடாவிலும் இரண்டும் சகஜம். அங்கே எழுத்துக்கூட்டல் பிரிட்டிஷ் பக்கம் சாயும், வினை அமெரிக்கப் பக்கம் சாயும். 'கலர்' என்பதில் 'யு' இருப்பதைப் பார்த்துவிட்டு 'டோவ்' என்பதை அடிக்காதீர்கள்.

நாவலில் வரும் உரையாடல் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காரர் 'ஐ சா ஹிம்' என்பதற்கு 'ஐ சீன் ஹிம்' என்பார், மரம் ஏறியதை 'க்ளம்' என்பார். இங்கிலாந்தின் யார்க்ஷயர்க்காரர் 'ஐ வாஸ்' என்பதற்கு 'ஐ வேர்' என்பார். அதையெல்லாம் இலக்கணப்படுத்துவது மதுரைக்காரரை மேடைத் தமிழ் பேசவைப்பது மாதிரி. என்னைக் கேட்டால், மேற்கோள் குறிக்குள் இருக்கும் வினையை ஆசிரியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வேலையைத் தொடங்கும் முன் பதிப்பகம் எந்த அகராதியைப் பின்பற்றுகிறது என்று கேளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு என்றால் ஒரு வழி, மெரியம் வெப்ஸ்டர் என்றால் ஒரு வழி. இரண்டு வடிவமும் செல்லும் வினைகளில் ஆசிரியர் எதை எழுதியிருக்கிறாரோ அதை ஸ்டைல் ஷீட்டில், அதாவது அந்த நூலுக்கு எடுத்த முடிவுகளின் பட்டியலில், குறித்துவைத்து, கடைசிப் பக்கம் வரை அதையே பிடியுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதப்போகிறவர்களும் இதைக் கேட்கிறார்கள். அங்கே பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கு இரண்டுமே செல்லும். ஒரே கட்டுரையில் கலந்தடிக்காமல் இருந்தால் நல்லது. லிஸனிங் பகுதிக்குக் காதைக் கொஞ்சம் பழக்குங்கள். சாப்பிட்டதைச் சொல்லும் 'எய்ட்' அமெரிக்கர் வாயில் எட்டாம் எண்ணைப் போலவே ஒலிக்கும். ஆங்கிலேயர் பலர் அதை 'எட்' என்பார்கள். எழுதும்போது இரண்டும் ஒன்றுதான்.