கோட்ரைமாக்சசோல் எழுதிக் கொடுத்தால், பிரஷர் மாத்திரையையும் காட்டுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சட்ஸ்வொர்த்தில் மருந்தாளராக இருக்கிறேன். போன வாரம் வயதான ஓர் ஆயா சீட்டை நீட்டினார். சிறுநீர்த் தொற்றுக்கு கோட்ரைமாக்சசோல், அதாவது சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோப்ரிம் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த ஆன்டிபயாட்டிக். "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க ஆயா?" என்றேன். கைப்பையைக் கவிழ்த்தார். எனாலாப்ரில் ஒரு அட்டை, ஸ்பைரோனோலாக்டோன் ஒரு அட்டை.

"அது பிரஷருக்கும்மா. இதுக்கும் அதுக்கும் என்ன?"

நியாயமான கேள்விதான். செல் பெருக ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். நமக்கு அது கீரையிலும் பருப்பிலும் கிடைத்துவிடுகிறது. பெரும்பாலான பாக்டீரியாக்களால் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது, பாபா (PABA) என்ற பொருளை வைத்துத் தாங்களே தயாரித்துக்கொள்ள வேண்டும். சல்ஃபாமெத்தாக்சசோல் பாபாவைப் போலவே இருப்பதால் அதை ஃபோலேட்டாக மாற்றும் வேலையைத் தொடங்கும் நொதியில் போய் உட்கார்ந்து முதல் படியைத் தடுக்கிறது. டிரைமெத்தோப்ரிம் பிந்தைய படியைச் செய்யும் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதியை அடைக்கிறது. அந்த நொதி நமக்கும் உண்டு, ஆனால் பாக்டீரியாவின் நொதியை இது பல ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். சாதாரண மாத்திரையில் முதலாவது 400 மில்லிகிராம், இரண்டாவது 80 மில்லிகிராம். அழகான கூட்டு.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. டிரைமெத்தோப்ரிம் சிறுநீரகத்தின் சோடியம் வாய்க்காலையும் அடைக்கும், பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் நீர் மாத்திரையான அமிலோரைடு செய்வதைப் போலவே. அதனால் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தங்குகிறது. எனாலாப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் ஏற்கெனவே பொட்டாசியத்தை ஏற்றுபவை. மூன்றும் சேர்ந்தால், அதுவும் வயதானவருக்கு, சில நாட்களிலேயே இதயத் துடிப்பு தடுமாறலாம். முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாமலே போகலாம், அதுதான் எனக்குப் பயம். வீட்டில் சோடியம் குறைந்த உப்பு வாங்குகிறீர்களா என்றும் கேட்டேன். பிரஷருக்கு நல்லது என்று மகள் வாங்கித் தருகிறாளாம். அந்த வகை உப்பு பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும்.

டாக்டருக்குப் போன் செய்தேன். உடனே மருந்தை மாற்றினார்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். அதுவும் ஃபோலேட் பாதையையே தாக்குவதால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் சொல்ல வேண்டும். முன்பு சல்ஃபா மருந்தால் உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று. எச்.ஐ.வி. உள்ள பலருக்கு இங்கே கிளினிக்கில் நிமோனியா வராமல் தடுக்க இதே மாத்திரையைத் தினமும் கொடுக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கிளினிக்கில் நர்ஸிடம் காட்டுங்கள், பொட்டாசியத்துக்கு ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.