டர்போபிராப்: சுழலியும் உந்தியும் சேர்ந்த சொல்

முகப்பில் இறக்கைகள் சுழலும் விமானம் எதுவாயினும் அதை 'விசிறி விமானம்' என்று சொல்லும் வழக்கம் நம் பேச்சில் உண்டு. டர்போபிராப் என்ற சொல்லுக்கு ஈடாக அதை எழுதும்போது பொருளில் பாதி விழுந்துவிடுகிறது. இதற்குச் சோவியத் ஒன்றியத்தின் இல்யூஷின் இல்-18 விமானமே நல்ல சான்று. இப்பெயரில் 1946-இல் பறந்த முதல் விமானத்துக்கும் நான்கு பொறிகள், நான்கு சுழல் இறக்கைத் தொகுதிகள் இருந்தன. ஆனால் அவை பிஸ்டன் பொறிகள். அது தொடர் உற்பத்திக்கு வரவில்லை. 1957 ஜூலை 4 அன்று பறந்த இரண்டாம் இல்-18, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முற்றிலும் புதிதாக வடிவமைக்கப்பட்டது. அதில் இருந்தவை டர்போபிராப் பொறிகள். 'விசிறி விமானம்' என்றால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

சொல்லின் முற்பகுதி டர்பைன், அதாவது சுழலி, என்பதிலிருந்து வந்தது. லத்தீனில் 'டர்போ' என்றால் சுழல், சூறாவளி, பம்பரம் எனப் பல பொருள்கள். அதிலிருந்து 1822-இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் குளோடு பூர்டேன் டர்பைன் என்ற சொல்லை ஆக்கினார். பிற்பகுதியான பிராப், முன்னே தள்ளுவது என்று பொருள்படும் புரொபெல்லரின், அதாவது உந்தியின், குறுக்கம். ரஷ்ய மொழியில் இப்பொறியை 'துர்போவிந்தோவோய்' என்பார்கள். 'விந்த்' என்பது திருகு. மரத்தில் திருகாணி இறங்குவதுபோல் காற்றில் முன்னேறுவது என்ற காட்சி அச்சொல்லுக்குள் இருக்கிறது.

பொறியின் வேலையும் இவ்விரு பகுதிகளாகவே நடக்கிறது. அழுத்திய காற்றில் எரிபொருள் எரிந்து எழும் வெப்ப வளி சுழலியைச் சுற்ற, அந்தச் சுழற்சியைப் பல்சக்கரத் தொகுதி குறைத்து உந்திக்குக் கொடுக்கிறது. இல்-18-இன் இவ்சென்கோ ஏஐ-20 பொறியில், நிமிடத்துக்கு 12,000 சுற்றுகளைத் தாண்டும் சுழலியின் வேகம், உந்தியை அடையும்போது ஏறத்தாழ 1,070 சுற்றாகிவிடும். விமானத்தை முன்செலுத்தும் விசையில் பெரும்பங்கு உந்தியால் கிடைப்பதே. பின்னால் வெளியேறும் வளி தருவது சிறுபங்கு. ஆகவே இது பின்னால் பீறிடும் வளியால் உந்தும் தாரைப் பொறியும் (ஜெட்) அன்று, பழைய பிஸ்டன் பொறியும் அன்று.

தமிழில் 'சுழலியுந்தி' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உந்துதல் என்றால் தள்ளுதல். அத்துடன் பழந்தமிழில் 'உந்தி' என்பதற்கு நீர்ச்சுழி என்றும் பொருள் உண்டு என்பது மகிழ்ச்சி தரும் பொருத்தம். பிஸ்டனை 'உந்துதண்டு' என்று எழுதுவதால் தனித்து நிற்கும் 'உந்தி' சற்றுக் குழப்பக்கூடும். சுழலியோடு சேர்ந்தால் அக்குழப்பம் இல்லை. 'விசிறி' என்ற சொல்லை, முகப்பில் உறைக்குள் விசிறி சுழலும் தாரைப் பொறியான டர்போஃபேனுக்கே விட்டுவைப்பது நல்லது.

இரண்டாம் இல்-18, 1959 ஏப்ரலில் சோவியத் விமான நிறுவனமான ஏரோஃபுளோட்டின் பயணிகள் சேவைக்கு வந்தது. மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் பறந்த இவ்விமானங்கள் ஐந்நூறுக்கும் அதிகமாகக் கட்டப்பட்டு, கிழக்கு ஐரோப்பா, கியூபா எனப் பல நாடுகளுக்குச் சென்றன. விண்வெளியிலிருந்து திரும்பிய யூரி ககாரின், 1961 ஏப்ரல் 14 அன்று மாஸ்கோவுக்கு வந்திறங்கியதும் இல்-18-இல்தான். நேட்டோ இதற்கு 'கூட்' என்று குறிப்பெயர் வைத்தது. அது நாமக்கோழியின் ஆங்கிலப் பெயர். உந்தியால் பறக்கும் போக்குவரத்து விமானங்களுக்கு ஓரசைப் பெயர், தாரை விமானங்களுக்கு ஈரசைப் பெயர் என்பது நேட்டோவின் முறை. பொறியின் இயல்பைப் பெயரின் ஓசையிலேயே காட்ட அவர்களும் விரும்பியிருக்கிறார்கள்.

இராணுவப் பயன்பாட்டில் இந்த உடலமைப்பு இன்னும் நெடுநாள் நிலைத்தது. வேவுப் பணிக்கு இல்-20, வான்வழிக் கட்டளை மையமாக இல்-22, நீர்மூழ்கிகளைத் தேட இல்-38 என வகைகள் பிறந்தன. இவற்றுள் இல்-38-இன் மாற்றமே பெரிது: முன்பகுதியில் கருவிகளின் எடை கூடியதால் இறக்கை முன்னோக்கி நகர்த்தப்பட்டது, கடலடியில் உள்ள உலோகத்தால் ஏற்படும் காந்தப்புல மாறுபாட்டை உணரும் கருவி, வாலுக்குப் பின்னால் நீண்ட கோலில் பொருத்தப்பட்டது. கடல்மேல் பல மணிநேரம் சுற்றித் தேடும் பணிக்கு, குறைந்த எரிபொருளில் நெடுநேரம் பறக்கும் இந்தப் பொறி ஏற்றதாக இருந்தது. எனவே செய்தியில் இப்படி எழுதலாம்: 'கோவாவின் ஹன்சா தளத்திலிருந்து இந்தியக் கடற்படைக்காக 1977 முதல் பறந்த இல்-38 சுழலியுந்தி விமானங்கள் 2023 அக்டோபரில் பணியிலிருந்து விடைபெற்றன.'